நல்ல கொலஸ்ட்ரோலும் காலில் முளைக்கும் புதிய இரத்தக்குழாய்களும்: நடப்பது என்ன, செய்யக்கூடியது என்ன

எச்.டி.எல் எனப்படும் நல்ல கொலஸ்ட்ரோல் நாடிச் சுவரில் தங்கும் கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது என்பது கிளினிக் போகிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே துகள் இன்னொரு வேலையும் பார்க்கிறது. இரத்தம் போதாமல் தவிக்கும் தசையிலும் புண்ணிலும் புதிய மயிர்க்குழாய்கள் முளைக்க அது கைகொடுக்கிறது. அழற்சி கொண்ட இடத்தில் வேண்டாத குழாய்கள் முளைப்பதை அடக்கவும் செய்கிறது. கால் நாடி ஒடுங்கி, கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுகிற ஒருவருக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிது.

சீனி வருத்தம், பிரஷர், புகை ஆகியவற்றால் கால் இரத்தோட்டம் குறைந்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இது எழுதப்படுகிறது. எச்.டி.எல் எண்ணை எப்படியாவது ஏற்றிவிடுவது இதன் நோக்கமில்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எச்.டி.எல் சரியாக வேலை செய்ய இடம்கொடுப்பதும், குழாய் முளைக்க வேண்டிய தேவையை நடையால் உண்டாக்குவதும்தான் நோக்கம். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் இதைப் பாருங்கள்

ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, தாங்க முடியாமல் வலித்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால் நாடி திடீரென அடைபட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்குள் இரத்தம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கும். எண்ணெய் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நடைப்பயிற்சியைத் தொடங்காமல் டொக்டரைக் காணுங்கள்: படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் வலி குறைதல், இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், கறுத்த விரல், பாதத்தின் அடியில் திறந்த புண், நடந்தால் நெஞ்சு இறுகுதல், அண்மையில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருத்தல்.

அந்தத் துகள் என்ன செய்கிறது

எச்.டி.எல் என்பது 7 முதல் 12 நனோமீற்றர் அளவுள்ள ஒரு சிறு துகள். அதன் முதன்மைப் புரதம் அப்போ ஏ-1. ஈரலும் சிறுகுடலும் அதை உண்டாக்குகின்றன. துகளின் மேல் வேறு சரக்குகளும் ஏறியிருக்கும். அவற்றில் முக்கியமானது ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற்று என்ற சிறு கொழுப்பு மூலக்கூறு. இரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணிக் கலங்களுக்குச் சமிக்ஞை கொடுக்கும் பொருள் அது.

அகவணிக் கலத்தின் மேற்பரப்பில் எஸ்.ஆர்-பி1 என்ற வாங்கி, அதாவது வெளியிலிருந்து வரும் துகளைப் பிடித்துச் சமிக்ஞையை வாங்கும் புரதம், இருக்கிறது. எச்.டி.எல் அதைப் பிடித்ததும் கலத்துக்குள் ஒரு தொடர் கிளம்புகிறது. அதன் முடிவில் நைத்திரிக் ஒக்சைட்டை உண்டாக்கும் நொதியம் விழித்துக்கொள்கிறது. நைத்திரிக் ஒக்சைட்டு குழாயை விரிக்கிறது, அகவணிக் கலங்களை நகரச் செய்கிறது. குழாய் முளைப்பதற்கு முதல் தேவை இந்த நகர்வுதான். பழைய மயிர்க்குழாயின் சுவரில் ஒரு கலம் முன்னே நீள்கிறது. பின்னால் உள்ளவை பெருகித் தண்டுபோல் தொடர்கின்றன. பிறகு நடுவே துவாரம் விழுந்து இரத்தம் பாயத் தொடங்குகிறது.

முன்னே நீளும் அந்தக் கலத்தை அழைப்பது வி.இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. தசையில் ஒட்சிசன் குறையும்போது அது சுரக்கிறது. ஒட்சிசன் குறைவதைக் கலம் எப்படி அறிகிறது என்றால், ஹிஃப் என்ற புரதத்தின் வழியாக. ஒட்சிசன் போதுமாக இருக்கும்போது ஹிஃப் உண்டான சில நிமிடங்களிலேயே அழிக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அது அழியாமல் கலத்தின் கருவுக்குள் போய் வி.இ.ஜி.எஃப் மரபணுவை இயக்கும். இந்த உணர்திறன் பொறிமுறையைக் கண்டுபிடித்ததற்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நைத்திரிக் ஒக்சைட்டின் சமிக்ஞை வேலையைக் கண்டதற்கு 1998இலேயே கிடைத்திருந்தது.

இப்போது எச்.டி.எல் எங்கே வருகிறது? ஒட்சிசன் குறைந்த கலங்களில் அது ஹிஃப் அழிவதைத் தாமதப்படுத்தி, வி.இ.ஜி.எஃப் கூடச் சுரக்க வழிசெய்கிறது. பின்காலின் நாடியைக் கட்டிய எலிகளுக்கு எச்.டி.எல் கொடுத்தபோது அந்தக் காலில் இரத்தோட்டம் கூடுதலாகத் திரும்பியது. சீனி வருத்தமுள்ள எலிகளிலும் இந்தப் பலன் கிடைத்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எஸ்.ஆர்-பி1 வாங்கி இல்லாமல் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அழற்சி நடக்கும் இடத்தில் கதை மாறுகிறது. அங்கே எச்.டி.எல் என்.எஃப்-கப்பா-பி என்ற அழற்சிச் சுவிட்சைத் தணித்து, வி.இ.ஜி.எஃப் சுரப்பைக் குறைக்கிறது. நாடிச் சுவரில் படிந்த கொழுப்புப் படிவுக்குள் முளைக்கும் குழாய்கள் மெல்லியவை. அவை கசிந்து படிவை வெடிக்கச் செய்யக்கூடியவை. அப்படிப்பட்டவை முளைக்காமல் இருப்பது நல்லது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று: சீனி வருத்தத்தில் காலில் குழாய் முளைப்பது குறைகிறது, கண்ணின் விழித்திரையிலோ தேவைக்கு மேல் முளைத்து இரத்தம் கசிந்து பார்வையைக் கெடுக்கிறது. ஒரே ஆளின் உடம்பில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும். எனவே "புதிய இரத்தக்குழாயை வளர்க்கும் மருந்து" என்று யாராவது போத்தலில் எதையாவது விற்றால் வாங்காதீர்கள். வளர வேண்டிய இடத்தில் மட்டும் வளரச் செய்யும் குளிசையோ கசாயமோ கிடையாது. வளர்ச்சிக் காரணியின் மரபணுவையே காலுக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்த்த 2011இன் பெரிய ஆய்வும் காலை வெட்டுவதையோ இறப்பையோ குறைக்கவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள். மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துப் பெரிய வாய்க்கால் மண் விழுந்து அடைத்தால், வயலுக்குள் எத்தனை சிறு வாய்க்கால் வெட்டினாலும் மேலே அடைபட்ட தண்ணீர் தானாக வந்து சேராது. பக்க வாய்க்கால் ஒன்று அகல வேண்டும். காலிலும் இரண்டு வகை மாற்றம் வேண்டும். தசைக்குள் மயிர்க்குழாய்கள் முளைப்பது ஒன்று. அடைபட்ட நாடியைச் சுற்றிப் போகும் பழைய சிறு நாடிகள் அகலமாவது மற்றது. முதலாவதைத் தூண்டுவது ஒட்சிசன் குறைவு. இரண்டாவதைத் தூண்டுவது இரத்தம் வேகமாக உரசிப் பாய்வது. நடை இரண்டையும் சேர்த்துத் தருகிறது. நடையை இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

இரத்தப் பரிசோதனையை எடுப்பதும் வாசிப்பதும்

இரத்தக் கொழுப்புகளை அளக்கும் லிப்பிட் பரிசோதனைக்கு 9 முதல் 12 மணிநேரம் சாப்பிடாமல் இருங்கள், தண்ணீர் குடிக்கலாம். எச்.டி.எல் சாப்பாட்டால் பெரிதாக மாறாது. மாறுவது ட்ரைகிளிசரைட் என்ற மற்றொரு இரத்தக் கொழுப்பு. அது மாறினால் கணக்கிட்டுச் சொல்லப்படும் எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலின் எண்ணும் பிழையாகும். ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருந்துவிட்டு இரத்தம் கொடுங்கள். பஸ்ஸில் நின்றபடி வந்து, வரிசையிலும் நின்று உடனே கொடுத்தால் எண்கள் கொஞ்சம் ஏறித் தெரியும். காய்ச்சல், டெங்கு, நெஞ்சுவலி, சத்திரசிகிச்சை ஆகியவற்றின் போது எச்.டி.எல் விழுந்துவிடும். குணமாகி ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை கழித்து எடுத்தால்தான் உங்கள் வழமையான அளவு தெரியும்.

எச்.டி.எல் ஆண்களில் 40க்குக் கீழும் பெண்களில் 50க்குக் கீழும் இருந்தால் குறைவு (ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்). சில ஆய்வுகூடங்கள் மில்லிமோலில் தருகின்றன, அதை 38.67ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 0.93 என்றிருந்தால் அது 36.

ஓர் உதாரணம்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 212, எச்.டி.எல் 36, ட்ரைகிளிசரைட் 245. ட்ரைகிளிசரைட்டை 5ஆல் வகுத்தால் 49. 212இலிருந்து 36ஐயும் 49ஐயும் கழித்தால் எல்.டி.எல் 127. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லை மட்டும் கழித்தால் 176 வரும். நாடியை அடைக்கக்கூடிய எல்லாத் துகள்களும் அதில் அடங்கும். சீனி வருத்தக்காரருக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எண்ணைத்தான்.

போன முறை 42, இம்முறை 39 என்று கவலைப்பட வேண்டாம். நாளுக்கு நாள் இவ்வளவு ஏறி இறங்குவது இயல்பு. முக்கியமாக, ரிப்போர்ட்டில் உள்ளது துகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ரோலின் அளவு மட்டும். அந்தத் துகள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது.

எண்ணை மட்டும் ஏற்றினால் ஏன் போதாது

டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்லை ஏறத்தாழ 72 சதவீதம் ஏற்றியது. ஆனால் அதைக் குடித்தவர்களில் இறப்பு கூடியது; 2006 டிசெம்பரில் ஆய்வை நிறுத்தினார்கள். எச்.டி.எல்லை ஏற்றும் இன்னொரு மருந்தான நியாசினை வைத்து நடந்த ஆய்வு 2011இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. அதைவிடப் பெரிய ஆய்வும் 2014இல் அதே முடிவைத்தான் தந்தது. அப்போ ஏ-1ஐ நேரடியாக நாளத்தில் ஏற்றிய, மாரடைப்பு வந்த 18,000க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வும் 2024இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. எச்.டி.எல் 100ஐ நெருங்கியோ தாண்டியோ இருக்கும் ஆண்களில் இறப்பு கூடியிருந்ததையும் மக்கள்தொகை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தால் குளுக்கோசு அப்போ ஏ-1 புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீடித்த அழற்சியில் வெண்குருதிக் கலங்கள் விடும் மயிலோபெரொக்சிடேசு என்ற நொதியம் அதே புரதத்தைச் சிதைக்கிறது. அழற்சியில் பெருகும் வேறொரு புரதம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிக் கெட்ட எச்.டி.எல் 45 இருந்தாலும் அகவணிக் கலத்துக்கு அது கொடுக்கும் சமிக்ஞை மெலிந்ததுதான். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சியை உங்கள் டொக்டர் சொல்லும் இலக்குக்கு, பெரும்பாலும் 7 சதவீதத்தை ஒட்டி, கொண்டுவருவது எச்.டி.எல்லுக்கும் செய்யும் சிகிச்சை.

கிளினிக்கில் தரும் அட்டோர்வஸ்டற்றின் போன்ற குளிசைகள் எல்.டி.எல்லை இறக்கத் தரப்படுகின்றன. எச்.டி.எல் ஏறவில்லை என்று அவற்றை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கால் நாடி ஒடுங்கியவருக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பவை அவைதான்.

கால் நாடியை வீட்டில் பார்ப்பது

வெயிலில் இருந்து வந்தவுடனோ குளித்தவுடனோ பார்க்க வேண்டாம். பத்து நிமிடம் படுத்திருங்கள். பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின் மேல் ஒரு நரம்புக் கயிறுபோல் தசைநாண் எழும்பும். அதற்கு வெளிப்பக்கம், பாதத்தின் நடுவில், இரண்டு மூன்று விரல் நுனிகளை மெதுவாக வையுங்கள். அங்கே ஒரு துடிப்பு. உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், சற்றுக் கீழே இன்னொன்று. அழுத்திப் பிடித்தால் துடிப்பு நின்றுவிடும். உங்கள் விரலின் சொந்தத் துடிப்பையே கால் துடிப்பென்று நினைத்துவிடவும் கூடும், ஆகவே மற்றக் கையால் பார்க்கப்படுபவரின் மணிக்கட்டு நாடியைப் பிடித்து இரண்டும் ஒன்றாகத் துடிக்கிறதா என்று பாருங்கள். பாதத்தின் மேல் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. கணுக்காலுக்குப் பின்னால் உள்ளதும் கிடைக்காவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சரியான அளவீடு கணுக்கால்-கை அழுத்த விகிதம். ஒலி அலையால் இரத்தோட்டத்தைக் கண்டறியும் டொப்ளர் கருவியோடு வைத்தியசாலையில் எடுப்பார்கள். கணுக்காலில் கிடைக்கும் கூடிய அழுத்தத்தை, இரு கைகளில் கூடியதால் வகுப்பார்கள். கணுக்காலில் 104, கையில் 140 என்றால் 0.74. விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கால் நாடி ஒடுங்கியிருக்கிறது. 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 1.40க்கு மேல் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நெடுநாள் சீனி வருத்தத்தில் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து, பட்டி இறுக்கினாலும் நசுங்காமல் போவதால் வரும் பொய்யான எண் அது. அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

எல்லாக் கால்வலியும் இரத்தோட்டக் குறைவு இல்லை. நடக்கும்போது வந்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடத்துக்குள் போகும் கெண்டைக்கால் வலிதான் நாடி வலி. குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் போகுமென்றால் நாரி எலும்பில் நரம்பு நசுங்குவது காரணமாகலாம். இரவில் பாதம் எரிவது பெரும்பாலும் நரம்புக் கேடு. நரம்பு கெட்டவருக்கு நாடி வலியே தெரியாமல், முதல் அடையாளமாகப் புண்தான் வரும். அவர்கள் வலியை நம்பி இருக்கக்கூடாது.

நடை: பன்னிரண்டு கிழமை

சும்மா உலாவுவது வேறு, இது வேறு. தசையை ஒட்சிசன் குறைவுக்குக் கொண்டுபோய், பிறகு விட்டு, மீண்டும் கொண்டுபோக வேண்டும். இப்படிப் பயிற்சி செய்தவர்களின் கெண்டைக்காலில் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது மயிர்க்குழாய்களின் அடர்த்தி கூடியிருந்தது.

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து தொடங்குங்கள். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி வரும் வேகத்துக்கு மாறுங்கள். வலி வந்தவுடன் நின்றுவிட வேண்டாம். ஐந்தில் மூன்று, நான்கு என்று சொல்லக்கூடிய அளவுக்கு ஏறும்வரை போய், பிறகு நில்லுங்கள். வலி முழுதாகப் போனபின் மறுபடி நடங்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து முதல் கிழமை 30 நிமிடம். ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடம் கூட்டி 45, 50 நிமிடத்துக்கு வாருங்கள். கிழமைக்குக் குறைந்தது மூன்று நாள். எட்டு, பத்து நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். வேகத்தை அப்படியே வைத்து நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கும் பிழை. தசைக்குத் தேவை ஏற்படாததால் முன்னேற்றம் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு பிழை, நான்காம் கிழமையில் "ஒன்றும் மாறவில்லை" என்று விடுவது. பலன் தெளிவாகத் தெரிய மூன்று மாதம் வேண்டும்.

நம் கிழக்குக் கரையோரம் தட்டையான நிலம். இது பெரிய வசதி. கல்லடிப் பழைய பாலமும் கடற்கரை வீதியும், கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கத்துக் கடற்கரை வீதிகளும் இதற்கு நல்லவை. இறுகிய வீதியில் நடங்கள். மணலில் நடந்தால் கால் வேறுவிதமாக உழைப்பதால் தூரத்தை ஒப்பிட முடியாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மதிய மணல் கொப்புளம் போடும், அது தெரியவும் தெரியாது. காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின் நடங்கள். தூரத்தைக் கரண்டுப் போஸ்ட்டுகளால் எண்ணுங்கள்: முதல் வலி எத்தனையாவது போஸ்ட்டில், நின்றது எத்தனையாவதில். இரண்டையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த முறை டொக்டருக்கு எச்.டி.எல் எண்ணைவிட இது கூடச் சொல்லும்.

மாரி மழையில், கார்த்திகை முதல் தை வரை, வீதியில் வெள்ளம் நிற்கும்போது இறங்காதீர்கள். விறாந்தையிலோ மண்டபத்திலோ நடக்கலாம். அதுவும் முடியாவிட்டால் சுவரைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள், வலி வரும்வரை, விட்டுவிட்டு. சைக்கிள் ஓடுவது இதயத்துக்கு நல்லது. ஆனால் கெண்டைக்காலுக்கு நடையளவு வேலை கொடுக்காது.

இன்சுலினோ கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுப்பவர் நடக்கமுன் சீனி பாருங்கள். 90க்குக் கீழ் என்றால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுப் போங்கள். 300க்கு மேல் என்றால் அன்று வேண்டாம். பொக்கற்றில் மூன்று தேக்கரண்டி சீனி, கிட்டத்தட்ட 15 கிராம், சுற்றி வைத்திருங்கள். நடக்கும்போது வியர்த்து நடுக்கம் வந்தால் அதைத் தின்று கால்மணிநேரம் இருங்கள்.

குதியைப் பிடிக்கும் பட்டியுள்ள, முன்பக்கம் அகலமான செருப்பு அல்லது சப்பாத்து வேண்டும். போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்துக் கண்ணாடியால் அடிப்பாதத்தைப் பாருங்கள். வயல் வேலைக்காரரும் தோணிக்காரரும் சேறு கழுவியபின் இதையே செய்ய வேண்டும்.

எச்.டி.எல்லை வேலை செய்ய விடுவது

புகையை நிறுத்துவதுதான் முதலாவது. சிகரெட், பீடி, சுருட்டு எதுவானாலும் காபனோரொட்சைட்டு ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கிறது, நிக்கொட்டின் நாடியைச் சுருக்குகிறது, எச்.டி.எல் குறைகிறது, இருப்பதும் கெடுகிறது. நிறுத்திய சில கிழமைகளிலேயே எச்.டி.எல் ஏறத் தொடங்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிக்கொட்டின் உண்டு. ஒவ்வொரு நாளும் நடந்துவிட்டு வந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பவரின் கால் தேறுவது மிகக் கடினம்.

ட்ரைகிளிசரைட் ஏறினால் எச்.டி.எல் ஏன் இறங்குகிறது என்று பலர் கேட்பார்கள். இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் நிறைய இருக்கும்போது சி.இ.டி.பி என்ற புரதம் அதை எச்.டி.எல்லுக்குள் ஏற்றி, அதற்குப் பதிலாகக் கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கிறது. அப்படி மாறிய துகளை ஈரலின் நொதியம் சிறிதாக்குகிறது. அதிலிருந்து கழன்ற அப்போ ஏ-1 சிறுநீரகம் வழியாகப் போய்விடுகிறது. ட்ரைகிளிசரைட்டை ஏற்றுபவை நம் மேசையில் தெளிவாகத் தெரியும்: சோறு, கோதுமை மாப் புட்டும் ரொட்டியும், சீனி. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 50 கிராம் சீனி. அதை நிறுத்துவது ட்ரைகிளிசரைட்டை இறக்க உதவும். சோற்றைக் கோப்பையின் கால்பங்குக்குக் குறைத்து, பாதிக்கு மரக்கறியும் இலைக்கறியும், மீதிக்கு மீனும் பருப்பும் வையுங்கள். சிவப்பு நாட்டரிசி நல்லதுதான், ஆனால் குவித்துப் போட்டால் அதுவும் சோறுதான்.

சூடை, சாளை, கும்பளா போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களைக் கிழமைக்கு இரண்டு முறையாவது கறியாக அல்லது சுட்டுச் சாப்பிடுங்கள். பொரித்தால் பலன் போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர்காரருக்கு வேண்டாம். உப்புப் போடாத கச்சானோ கஜுவோ ஒரு கைப்பிடி, 30 கிராம், நல்லது.

தேங்காய் எண்ணெய் பற்றிய வாதம் இங்கே எந்த வீட்டிலும் வரும். அது நல்ல கொலஸ்ட்ரோலை ஏற்றுகிறது என்பது உண்மை. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான முடிவு: எச்.டி.எல் 4 மில்லிகிராம் ஏறியது, எல்.டி.எல் 10 மில்லிகிராம் ஏறியது. கால் நாடி ஒடுங்கியவருக்கு இது நட்டம். சொதிக்கும் சம்பலுக்கும் அளவாகத் தேங்காயை வைத்துக்கொண்டு, பொரிப்பதை விடுங்கள். சாராயமும் கள்ளும் எச்.டி.எல்லை ஏற்றும் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். ஏறும் அந்த எண் உங்கள் காலுக்குப் போய்ச் சேராது. உடம்புப் பயிற்சி நிலையங்களில் தசைக்கென்று கொடுக்கப்படும் ஸ்டெரொயிட் குளிசைகள் எச்.டி.எல்லை அடியோடு இறக்கிவிடும். இளைஞர்கள் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நிறை குறைவதும் உதவும், ஆனால் கணக்கை மிகைப்படுத்த வேண்டாம்: மூன்று கிலோ குறைத்து அப்படியே வைத்திருந்தால் எச்.டி.எல் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஏறும். ஒழுங்கான பயிற்சியால் 2 அல்லது 3. ரிப்போர்ட்டில் இது தெரியாமலே போகலாம். காலில் தெரியும்.

நோன்பும் பாத யாத்திரையும்

நோன்பு காலத்தில் நடையை இப்தாருக்குப் பிறகு, சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்து வையுங்கள். தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்து போவதையே பயிற்சியாக்கலாம், வேகம் மட்டும் மேலே சொன்னபடி இருக்கட்டும். நோன்பு திறக்கமுன் பிற்பகலில் இரத்தம் கொடுத்தால் லிப்பிட்டுக்கு வேண்டிய இடைவெளி தானாகவே கிடைக்கும். சீனி 70க்குக் கீழ் இறங்கினால் நோன்பை முறியுங்கள். குளிசை நேரங்களை நோன்பு தொடங்கமுன்னரே டொக்டரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் குமனக் காட்டுப் பாதைக்குள் நுழையுமுன் பாதத்தின் உணர்ச்சியைக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டு நிமிடத்தில் முடியும். உணர்ச்சி இல்லையென்றாலோ கணுக்கால் விகிதம் 0.90க்குக் கீழ் என்றாலோ வெறுங்காலோடு போவது காலையே இழக்கக்கூடிய முடிவு. முருகன் செருப்புப் போட்டவரைக் கோவிக்கமாட்டான் என்று வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் சொன்னால் கேட்பார்கள். திரௌபதை அம்மன் கோயில்களில் தீ மிதிக்க நேர்ந்திருப்பவர்களும் இந்தச் சோதனையை முதலில் செய்து, நேர்த்தியை வேறு வழியில் செலுத்தலாமா என்று கோயிலில் கேட்க வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்தில் பட்ட சூடு மறுநாள்தான் தெரியும், இரத்தம் போதாத பாதத்தில் அது மாதக்கணக்கில் ஆறாது.

பன்னிரண்டாம் கிழமையில்

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை டொக்டரிடம் காட்டுங்கள். வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடியிருந்தால், கணுக்கால்-கை அழுத்த விகிதம் பழைய எண்ணிலேயே இருந்தாலும் பயிற்சி வேலை செய்கிறது. பெரிய நாடியின் அடைப்பு அப்படியே இருக்க, தசை அதற்குக் கீழே தன்னைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே தொடருங்கள். நிறுத்தினால் சில மாதங்களில் பலன் கரையும். தூரம் கூடவில்லை என்றால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் சரியான அளவில் போகின்றனவா; நடக்கும் தூரத்தைக் கூட்டத் தரப்படும் சிலொஸ்டசோல் குளிசை எனக்குப் பொருந்துமா (இதயப் பலவீனம் உள்ளவருக்கு அது கூடாது); டொப்ளர் ஸ்கேன் எடுத்து இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா. நடக்கும் தூரம் குறைந்திருந்தாலோ இரவில் பாதம் வலிக்கத் தொடங்கியிருந்தாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே போங்கள்.